மோடம் படித்த கதை



அமெரிக்காவில் அக்கா வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் ஊர் திரும்பினேன். "சார், நயாகரா போட்டோ போடுங்க" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். போடுகிறேன். அதற்கு முன் அங்கே நான் படித்துவிட்டு வந்த ஒரு பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். பாடத்தின் பெயர் மோடம். நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

அக்காவைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அக்காவுக்கு 78 வயது. என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா நடவுக்குப் போன நாட்களில் என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தவள். அத்தான் போன பிறகு நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறாள். பத்து வருடமாகக் காது மந்தம். இரண்டு காதிலும் மெஷின் உண்டு. ஆனால் மெஷின் சத்தத்தைத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும், சொல்லைப் பிரித்துக் கொடுக்காது. அதனால் பேசுகிறவரின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வாள். எதிரே உட்கார்ந்து பேசினால் அவளுக்குக் காது கேட்காது என்பதே தெரியாது. அவ்வளவு சூட்டிகை.

ஞாயிறுதோறும் நமக்கு இரவு ஏழு மணிக்கு வீடியோ காலில் பேசுவோம். அவர்களுக்கு அப்போது காலை. ஐந்து வருடமாக இந்த வழக்கம் தவறியதில்லை. ஆனால் படம்தான் எப்போதும் தகராறு. அக்கா முகம் திடீரென்று கட்டம் கட்டமாகச் சிதறும், அல்லது கண்ணை மூடிய நிலையில் அப்படியே உறைந்து நிற்கும். குரல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

நம் ஊரில் கேபிள்காரர் ஃபைபர் இணைப்பு கொடுத்தது 2021இல். படம் நிற்கிறது என்று புகார் சொன்னதும் ஒரு தம்பி வந்தார். பெட்டியில் எரியும் விளக்குகளைப் பார்த்தார். போனில் ஏதோ ஓட்டிக் காட்டினார். "சார், பான் லைட் ஸ்டெடியா இருக்கு, எல்.ஓ.எஸ். இல்ல. உங்களுக்கு பேண்ட்வித் பத்தல. பிளானை அப்கிரேட் பண்ணிடுங்க, லேட்டன்சியும் கொறஞ்சிடும்" என்றார். நான் "ஓகோ, சரி சரி" என்று தலையாட்டினேன். 50 எம்பிபிஎஸ் 100 ஆனது. ஆறு மாதம் கழித்து மறுபடி புகார், மறுபடி அதே பேச்சு, மறுபடி தலையாட்டல். 100 எம்பிபிஎஸ் 200 ஆனது. வீட்டில் அம்மா, "யாருக்குங்க எம்.பி.பி.எஸ். சீட்டு கெடச்சிருக்கு, இவ்ளோ பணம் கட்டுறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேலிக்குக்கூட என்னிடம் சரியான பதில் இல்லை. அந்தத் தம்பி சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குப் புரிந்திருக்கவில்லை.

34 வருடம் அறிவியல் வாத்தியார். மின்காந்த அலை நடத்தியவன். "புரியலைன்னா எந்திரிச்சு கேளுங்கடா" என்று உங்களை அதட்டியவன். 25 வயதுப் பையன் முன்னால் "லேட்டன்சின்னா என்ன தம்பி?" என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. உண்மை அதுதான்.

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

அக்காவுக்கு ஒரு பள்ளித் தோழி. எங்கள் தெருக்காரர்தான். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள், ஒரே வருடத்தில் கல்யாணம் ஆனவர்கள். அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் முதல் வேலை அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவதுதான். அந்த அம்மா போன தை மாதக் கடைசியில் காலமாகிவிட்டார். அந்த ஞாயிறு வீடியோ காலில் அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். படம் வழக்கம்போல் சிதறிக்கொண்டிருந்தது. அக்கா தலையை ஆட்டினாள். "சரிப்பா, சரிப்பா" என்றாள். சிரித்த மாதிரிகூட இருந்தது. அப்புறம், "ஊர்ல பனி ஜாஸ்தியா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்ததும் வீட்டில் சொன்னேன்: "அமெரிக்கா போனா மனசு இப்படிக் கல்லாயிடுமா? அறுபத்தஞ்சு வருஷ சிநேகிதம், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல." அதற்குப் பிறகு ஏழு மாதம் நான் அக்காவிடம் கடமைக்குத்தான் பேசினேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவளும் எதுவும் கேட்கவில்லை.

ஆவணியில் நியூ ஜெர்சி போய் இறங்கினேன். நான்காம் நாள் அக்கா தன் அறையிலிருந்து ஒரு துணிப்பை எடுத்து வந்தாள். உள்ளே முட்டிவலித் தைலம் இரண்டு டப்பா, ஒரு ஊதா நிறச் சால்வை.

"இத மறக்காம அவகிட்ட குடுத்துடு. மார்கழிப் பனிக்கு ஆவும். நான் அடுத்த வருஷம் கட்டாயம் வர்றேன்னு சொல்லு."

என் கை நீளவில்லை. அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்து, அவள் என் உதட்டைப் பார்க்கும்படி சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "எப்ப?" என்றாள்.

"தை மாசம்க்கா."

"எங்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவளே புரிந்துகொண்டாள். "ஒன் மூஞ்சி பாதி நேரம் அசையாம நிக்கும்டா. வாயே தெரியாது. எத்தன தடவதான் புரியல, புரியலன்னு சொல்றது? ஒனக்கு எரிச்சல் வந்து போன் பண்றதையே விட்டுட்டீன்னா? அதான் தலையாட்டிடுவேன்" என்று சொல்லிவிட்டு அந்தச் சால்வையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஏழு மாதம் தாமதமான அழுகை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. அந்த கேபிள் தம்பி முன்னால் நான் தலையாட்டினேன். என் முன்னால் அக்கா தலையாட்டினாள். இரண்டு பேருக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் சொல்லவில்லை.

காலையில் எழுந்ததும் பேத்தியைக் கூப்பிட்டேன். மருமகனின் மகள், 16 வயது, பதினோராம் வகுப்பு. தமிழ் நன்றாகப் பேசுவாள், கொஞ்சம் அமெரிக்க மூக்கோடு. "பாப்பா, ஒங்க வீட்டு இன்டர்நெட் எப்படி வேலை செய்யுதுன்னு தாத்தாவுக்கு ஆதியிலேர்ந்து சொல்லிக் குடு. தாத்தாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்கோ" என்றேன். அவளுக்கு ஒரே குஷி. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு என்னைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப் போனாள்.

அங்கே சுவரிலிருந்து ஒரு தடித்த கறுப்பு வயர் வருகிறது. நம் ஊர் பழைய கேபிள் டிவி வயரேதான். நடுவில் செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைக் காப்பு, அதற்கு மேல் பின்னல் உறை. கோஆக்சியல் கேபிள். நம் ஊரில் இப்போது பெரும்பாலும் கண்ணாடி இழையில் இன்டர்நெட் வருகிறது. அமெரிக்காவில் மலையடிவார ஊர்களில் ஆன்டெனாவுக்கு டிவி எடுக்காததால் 1940களின் கடைசியிலேயே கேபிள் இழுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு ஏற்கெனவே வயர் கிடக்கும்போது புதிதாக எதற்குத் தோண்ட வேண்டும்? அதே வயரில் இன்டர்நெட்டையும் அனுப்பினார்கள். எல்லாக் கம்பெனிப் பெட்டியும் ஒரே மொழி பேச வேண்டும் என்பதற்காக 1997இல் ஒரு பொது விதிமுறை வந்தது. அதன் பெயர் டாக்சிஸ். பெட்டியின் மேல் டாக்சிஸ் 3.0, 3.1 என்று போட்டிருப்பது அந்த விதிமுறை எத்தனையாவது பதிப்பு என்பதைத்தான்.

அந்த வயர் முதலில் போய்ச் சேரும் பெட்டிதான் மோடம். மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்ற இரண்டு சொல்லின் தலைகளையும் ஒட்டிச் செய்த பெயர். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பண்பேற்றம், பண்பிறக்கம்! கரும்பலகையில் ஊர்தி அலை வரைந்து, அதன் முதுகில் பேச்சு அலையை ஏற்றி எத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன்! ரேடியோ நிலையம் செய்வதைத்தான் இந்தப் பெட்டி செய்கிறது. கணினிக்குத் தெரிந்தது ஒன்றும் பூஜ்ஜியமும். செம்புக் கம்பிக்குத் தெரிந்தது மின்னலை. இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் மாற்றிச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர்தான் மோடம். பழைய நாளில் டெலிபோன் லைனில் கீச் கீச் என்று கத்திக்கொண்டு கனெக்ட் ஆகுமே, அதுவும் இதே வேலைதான்.

மோடத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது பெட்டி. அது ரவுட்டர். "தாத்தா, மோடம் வெளிவேலை, ரவுட்டர் வீட்டுவேலை" என்றாள் பேத்தி. வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீட்டுக்கு ஒரே ஒரு முகவரி. அதுதான் பொது ஐபி முகவரி. உள்ளேயோ போன், லேப்டாப், டிவி என்று பதினைந்து சாதனங்கள். அவை ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி ஒன்றை ரவுட்டர் கொடுக்கிறது. நான் இதை நம் பள்ளிக்கூடத்தை வைத்துப் புரிந்துகொண்டேன். தபால்காரருக்குத் தெரிந்தது பள்ளியின் முகவரி மட்டும். கடிதம் வந்ததும் ஆபீஸ் ரூமில் பிரித்துப் பார்த்து, இது எட்டாம் வகுப்பு ஏ பிரிவுக்கு, இது பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு என்று கொடுத்தனுப்புவார்கள் அல்லவா, அதுதான் ரவுட்டர். எட்டு ஏ பிரிவு எல்லாப் பள்ளியிலும் இருப்பதுபோல 192.168 முகவரிகளும் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதனால் குழப்பம் வராது. புதிதாக வந்த போனுக்குத் தானாக ஓர் எண் கொடுப்பதற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ஜூன் மாதம் நான் ரோல் நம்பர் போடுவேனே, அதே வேலை. இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தேடித் தருவது டி.என்.எஸ்., அதாவது அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்.

நம் ஊர் ஃபைபர் வீடுகளில் இந்த இரண்டு பெட்டியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதனால்தான் நமக்கு எல்லாமே "வைஃபை பாக்ஸ்". ஒளியை மின்சாரமாக மாற்றும் அந்தப் பகுதிக்கு ஓ.என்.டி. என்று பெயர். அதில் பான் விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒளி வந்து சேர்கிறது என்று பொருள். எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை. வெளியே எங்கோ இழை அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது, நீங்கள் பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, ஆளைத்தான் கூப்பிட வேண்டும். அந்தத் தம்பி அன்று சொன்ன முதல் பாதிக்கு எனக்கு நியூ ஜெர்சியில் பொருள் தெரிந்தது.

அடுத்துப் பேத்தி சொன்ன ஒரு வாக்கியத்தை நான் நோட்டில் கட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். "வைஃபையும் இன்டர்நெட்டும் ஒண்ணு இல்ல தாத்தா." ரவுட்டருக்கும் உங்கள் போனுக்கும் நடுவே காற்றில் நடக்கும் ரேடியோப் பேச்சு மட்டுமே வைஃபை. வீட்டுக்குள் வந்த இன்டர்நெட் அருமையாக இருந்து, வைஃபை சொத்தையாக இருக்கலாம். மேல்தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது, குழாயில் அடைப்பு, சொட்டுச் சொட்டாக வருகிறது. அடைப்பை எடுக்காமல் இன்னொரு தொட்டி கட்டினால் என்ன ஆகும்? நான் இரண்டு தொட்டி கட்டியவன்!

வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு எண் பார்த்திருப்பீர்கள். அவை அதிர்வெண்கள், கிகாஹெர்ட்ஸில். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். கணக்குப் போடுங்கள். முதலாவதுக்கு 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதுக்கு 6 சென்டிமீட்டர். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் சுவரைக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பக்கம்தான் வேலை செய்கிறது, அதனால் அது ஓடும்போது இது தடுமாறும். இரும்பு பீரோ என்றால் இரண்டுமே நின்றுவிடும். எங்கள் வீட்டில் பெட்டி எங்கே இருந்தது தெரியுமா? முன் ஹாலில், டிவிக்குப் பின்னால், பீரோவை ஒட்டி. நான் உட்கார்ந்து பேசுவது பின்கட்டில். நடுவே பழைய காலத்துச் சுவர் மூன்று, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம்.

எம்பிபிஎஸ் என்பது ஒரு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. மெகாபைட் அல்ல. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும். லேட்டன்சி என்பது வேறு. அது நாம் அனுப்பியது அந்தப் பக்கம் போய்ச் சேர எடுக்கும் நேரம். சாலை எத்தனை அகலம் என்பது பேண்ட்வித், போய்ச் சேர எத்தனை நேரம் என்பது லேட்டன்சி. எட்டு வழிச் சாலை போட்டாலும் அமெரிக்காவின் தூரம் குறையாது. பிளானைக் கூட்டினால் லேட்டன்சி குறையும் என்று தம்பி சொன்னது எனக்குப் பொருந்தவே பொருந்தாது. அவர்மேல் குற்றமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் ஒப்பித்தார். நான்தான் கேள்வி கேட்கவில்லை.

இதற்குப் பிறகு வந்ததுதான் எனக்குப் பொறி தட்டிய இடம். இறக்கம், ஏற்றம். டவுன்லோட், அப்லோட். சினிமா பார்க்க இறக்கம் போதும். வீடியோ கால் அப்படி இல்லை. என் முகம் அக்காவுக்குத் தெரிய வேண்டுமானால் அது முதலில் என் வீட்டிலிருந்து ஏற வேண்டும். அக்கா முகம் எனக்குத் தெரிய வேண்டுமானால் அவள் வீட்டிலிருந்து ஏற வேண்டும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் பெரும்பாலும் இறக்கம். கேபிள் வயரில் ஏற்றத்துக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறுகல். அந்த வயர் போட்டது டிவி சேனல்களை வீட்டுக்கு அனுப்ப. வீட்டிலிருந்து திரும்பி யார் என்ன அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்தார்கள். அதனால் ஏற்றத்துக்கு அங்கே பழைய முறையில் 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு சிறு துண்டு மட்டும். நம் காலத்துச் சிற்றலை வானொலி ஒலித்த அதே இடம். சிற்றலை கேட்டவர்களுக்கு அந்த இடத்தின் இரைச்சல் நினைவிருக்கும்.

இன்னொன்று. இணைப்பு தடுமாறும்போது இந்தச் செயலிகள் முதலில் படத்தைக் கைவிட்டுக் குரலைக் காப்பாற்றும். குரலுக்கு மிகக் கொஞ்சம் போதும், ஒரு எம்பிபிஎஸ்ஸில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். நல்ல படத்துக்கு ஒன்றிரண்டு எம்பிபிஎஸ் வேண்டும். காது கேட்கும் நமக்கு இது நல்ல ஏற்பாடு. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் அக்காவுக்கு? அவளுக்கு வேண்டியதை எடுத்துவிட்டு, வேண்டாததைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது.

"பாப்பா, ஒங்க பக்கம் ஏற்றம் எப்படி இருக்குன்னு பாக்க முடியுமா?" என்று கேட்டேன். மாணவன் கேட்ட முதல் உருப்படியான கேள்வி! அவள் லேப்டாப்பில் 192.168.100.1 என்று அடித்தாள். பெரும்பாலான கேபிள் மோடங்களுக்கு அதுதான் உள்வாசல். மோடம் தன் நாடித்துடிப்பைத் தானே காட்டும் பக்கம் அது. வந்து சேரும் சிக்னலின் வலு −9 டெசிபல் மில்லிவோல்ட். பொதுவாக −7க்கும் +7க்கும் நடுவே இருந்தால் நல்லது. மோடம் அனுப்பும் சிக்னலின் வலு 51. அது 50ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டுமாம்.

"அனுப்பறது பவர் ஜாஸ்தின்னா நல்லதுதானே?" என்றேன். "இல்ல தாத்தா, நாம அனுப்பறது அந்தப் பக்கம் சரியா கேக்கலைன்னா, இன்னும் சத்தமா பேசுன்னு அவங்க மோடத்துக்குச் சொல்வாங்க. இது தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கு" என்றாள். கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று கத்திக் கத்தியே குரல் போன வாத்தியார் நான். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வாத்தியாருக்குத் தொண்டை கட்டினால் வகுப்பறையில் எங்கோ சன்னல் திறந்திருக்கிறது என்று அர்த்தம். வயரைப் பிடித்துக்கொண்டே சுவரோரமாகப் போனோம். சூடுபடுத்தும் எந்திரத்துக்குப் பின்னால், தூசி மூடி, இரண்டு ஸ்பிளிட்டர் ஒன்றன்பின் ஒன்றாக. ஒரு காலத்தில் மூன்று அறையில் கேபிள் டிவி ஓடியதாம், அதற்காகப் போட்டது. இப்போது அந்த வயர்கள் எங்கும் போகவில்லை. ஆனால் ஸ்பிளிட்டர் அங்கேயே இருந்து சிக்னலைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று ஏறக்குறைய மூன்றரை டெசிபல் தின்னும். மூன்று டெசிபல் போனாலே வலு பாதி. இரண்டு ஸ்பிளிட்டருக்கு ஏழு டெசிபல், அதாவது ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். போதாததற்கு ஒரு இணைப்புத் திருகு கையால் ஆட்டினாலே ஆடியது. அந்த இடுக்கு வழியாகத்தான் ஊர் இரைச்சல் எல்லாம் உள்ளே புகுந்துகொண்டிருந்தது.

மருமகன் மாலையில் வந்ததும் சொன்னேன். "மாமா, கம்பெனில நாலு தடவை சொல்லியாச்சு. சிக்னல் நல்லாத்தான் இருக்கு, பெரிய பிளான் எடுங்கன்னுதான் சொல்றாங்க" என்றார். நான் சிரித்தேன். உலகம் முழுக்க ஒரே மருந்துதான் போலிருக்கிறது. இரண்டு ஸ்பிளிட்டரையும் கழற்றி, வயரை நேராக மோடத்துக்கு இணைத்து, திருகை ஸ்பேனரால் இறுக்கினார். மோடத்தை அணைத்துப் போட்டோம். வந்து சேருவது −2 ஆனது. அனுப்புவது 44க்கு இறங்கியது. இரண்டிலும் சரியாக ஏழு டெசிபல் வித்தியாசம். கணக்கு இப்படிக் கச்சிதமாக ஒத்து வந்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. செலவு ஒரு டாலர்கூட இல்லை.

அந்த ஞாயிறு ஊருக்குப் பேசினோம். வீட்டம்மாள் பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் முகம் அக்காவுக்குச் சிதறிச் சிதறித்தான் வந்தது. "எந்திரிச்சு ஹாலுக்கு வந்து அந்தப் பெட்டிக்கு எதிரே உக்காரு" என்றேன். வந்தார். படம் ஒரு நொடி நின்றது, பிறகு கண்ணாடி மாதிரி தெளிந்தது. "சாப்டீங்களா அண்ணி?" என்றார். அக்கா அந்த உதட்டைப் படித்துவிட்டு உடனே, "இட்லி சாப்ட்டேன். நீ ஏன் இளைச்சுப் போயிட்ட?" என்றாள். ஐந்து வருடத்தில் முதல் முறையாகக் கேட்டதற்குப் பதில் வந்தது. வீட்டம்மாள் அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவும் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஆக, இரண்டு பக்கமும் கோளாறு. என் முகம் அவளுக்குப் போகாதது என் வீட்டு மூன்று சுவரால். அவள் முகம் எனக்கு வராதது அவள் வீட்டு இரண்டு ஸ்பிளிட்டரால். முதலாவதால் அவளுக்கு நான் சொன்னது புரியவில்லை. இரண்டாவதால் அவளுக்குப் புரியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. அவள் முகம் மட்டும் அன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். 34 வருடம் அதுதானே என் வேலை, முகத்தைப் பார்த்துப் புரிந்ததா இல்லையா என்று சொல்வது?

அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் அதிலும் சந்தேகம் வருகிறது. பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பே கூரை அதிரக் கத்தும். நானும் சந்தோஷமாகச் சாக்பீஸைத் தட்டிவிட்டுப் போவேன். அந்தக் கத்தலில் எத்தனை பேர் அக்கா மாதிரி? எத்தனை பேர், "புரியலன்னா சாருக்குக் கோவம் வரும்" என்று தலையாட்டினீர்கள்? அப்படி ஆட்டியவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தாமதமாக ஒரு வாத்தியார் வருத்தப்படுகிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியதும் அந்தக் கேபிள் தம்பியைக் கூப்பிட்டேன். "தம்பி, இந்த முறை எனக்குப் புரியாம நீங்க போகக் கூடாது" என்றேன். முதலில் திகைத்தார். பிறகு உற்சாகமாகிவிட்டார், யாரும் அவரிடம் இதையெல்லாம் கேட்டதே இல்லையாம். பெட்டியை பீரோவிடமிருந்து நகர்த்தினோம். அங்கிருந்து பின்கட்டுக்கு 15 மீட்டர் லேன் வயர் இழுத்து, இன்னொரு சிறு வைஃபை பெட்டி வைத்தோம். பிளானை 200லிருந்து 100க்கு இறக்கச் சொன்னேன். அவரே, "ஒங்களுக்கு 50 போதும் சார்" என்றார்.

இனி வீட்டுப்பாடம். இரண்டே இரண்டு.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு முதலாவது. அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மாவுக்குப் புது போன் வாங்கித் தருவதற்கு முன்னால், வைஃபை பெட்டி எங்கே இருக்கிறது, அவர்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பாருங்கள். எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். முக்கியமான சேதி சொன்னால், "என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்" என்று திருப்பிக் கேளுங்கள். கோபப்படாமல் கேளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு இரண்டாவது. புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். எனக்கு அதனால் போனது இரண்டு பிளானுக்குக் கட்டிய பணம் மட்டும் இல்லை. ஏழு மாதம் அக்காவைக் கல்மனசுக்காரி என்று நினைத்தேன். அதைத் திருப்பி வாங்க முடியாது.

அந்த ஊதாச் சால்வையை அக்கா என்னிடமே கொடுத்தனுப்பினாள். போன செவ்வாய்க்கிழமை தோழியின் மகளிடம் சேர்த்துவிட்டேன். ஞாயிறன்று அக்காவிடம் அதைச் சொன்னேன். முகம் முழுசாக, தெளிவாகத் தெரிந்தது. "என்ன சொன்னேன், சொல்லு?" என்று கேட்டேன்.

"அவ மக போத்திக்கிட்டான்னு சொன்ன" என்றாள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்.

பின்குறிப்பு: நயாகரா போட்டோக்களைப் பேத்தி அனுப்புகிறாள். ஏற்றம் இப்போது நன்றாக இருக்கிறது, நாளைக்குள் வந்துவிடும்.